ஆர்மேனியா ரூரில் நான் ஒளித்த செய்தி

சரி தம்பி

கோபியின் போன் கோல் வந்தபோது யெரெவான் ஹொட்டேலில் நான் அவித்த முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை. என்னுடைய பதினெட்டுப் பேரில் நாலு பேர் வியாழன் விரதக்காரர், அடுத்த நாள் வெள்ளி என்பதால் பதினைந்து பேர் மச்ச மாமிசம் தொடமாட்டார்கள். இதையெல்லாம் குசினிக்கார அம்மாவுக்குச் சைகையால் விளங்கப்படுத்துகிற நேரத்தில்தான் போன் அதிர்ந்தது.

"அக்கா, மாமி பக்கத்திலை நிக்கிறாவோ?"

தவமணி அன்ரி இரண்டு மேசை தள்ளி, ரொட்டியில் அப்ரிகொட் ஜாம் பூசிக்கொண்டிருந்தார். நான் கொரிடோருக்கு வந்தேன். "இல்லைத் தம்பி, சொல்லுங்கோ."

"அப்பா மோசம் போயிட்டார். இப்பதான், ஒரு மணித்தியாலம் இருக்கும்."

கோபியின் அப்பா என்றால் தவமணி அன்ரியின் அண்ணன். அன்ரி கலியாணம் செய்யாதவர். ரொறொன்ரோவில், ரூஜ் பக்கம், அண்ணன் குடும்பத்தோடுதான் முப்பது வருஷமாக இருக்கிறார். கோபி அவருக்கு மருமகன் முறை. இந்தப் பயணத்துக்கு ரிக்கெற் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

நான் ஏதோ அனுதாபம் சொல்லத் தொடங்க, அவர் இடையில் வெட்டினார். "மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. அவவுக்கு நெஞ்சிலை ஸ்டென்ற் வைச்சது தெரியும்தானே. உங்கை மலையிலை நிக்கேக்கை சொல்லி, அவவுக்கு ஏதும் நடந்தால் ஆர் பாக்கிறது? ரூர் முடியட்டும். எயார்போட்டிலை வைச்சு நாங்கள் ஆறுதலாச் சொல்லுவம்."

"சரி தம்பி" என்றேன்.

இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் இருக்கிற ரிராவல் ஏஜென்சியில் ரிக்கெற் அடிக்கிற பிள்ளையாகத் தொடங்கி, பிறகு எங்கள் சனத்தை நாடு நாடாகக் கூட்டிக்கொண்டு போகிற ரூர் மனேஜர் ஆனேன். பாஸ்போட்டைத் துலைத்த ஆட்களைக் கண்டிருக்கிறேன், பல்செற்றை ஹொட்டேலில் விட்டுவிட்டு வந்த ஆளுக்காக பஸ்ஸைத் திருப்பியிருக்கிறேன். அதெல்லாம் ஒரு பிழையும் இல்லை. நான் விட்ட பெரிய பிழை அந்த "சரி தம்பி"தான். இந்த வேலைக்கு இனி வரப்போகிற பிள்ளைகளுக்காக அதை உள்ளபடி எழுதுகிறேன்.

மேசையில் கொடுத்த வாக்கு

தவமணி அன்ரி இந்தப் பயணத்துக்கு வர விரும்பியவர் அல்ல. அண்ணனுக்கு டயலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கிழமைக்கு மூன்று நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது அன்ரிதான். "நீ ஒருக்கால் எங்கையாவது போட்டு வா தவம், என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருக்கிறாய்" என்று அந்த மனுஷன்தான் தள்ளிவிட்டிருக்கிறார்.

என் மேசைக்கு முன்னால் இருந்து அன்ரி கேட்டார்: "நான் இல்லாத நேரம் அண்ணைக்கு ஏதும் எண்டால் என்ன பிள்ளை செய்யிறது?"

அப்போது எனக்குப் பதினேழு பேர் சேர்ந்திருந்தார்கள். பதினெட்டாவது ஆள் வந்தால்தான் குறூப் விலை கிடைக்கும். "நான் பக்கத்திலைதானே நிப்பன் அன்ரி. ஏதும் எண்டால் உங்களுக்கு உடன சொல்லி, அடுத்த பிளேனிலை ஏத்தி விடுவன்" என்றேன். விற்கிற வாய் அப்படித்தான் பேசும். அன்ரி அதை விற்கிற வாயாக எடுக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு, "உம்மை நம்பித்தான் வாறன்" என்றார்.

ஆகவே, கோபிக்குச் சரி சொன்ன நிமிஷத்தில் நான் ஏற்கெனவே கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் முட்டையைத் தொடர்ந்து எண்ணினேன்.

அன்றைக்கு முதல் இடம் கோர் விராப். சமவெளியில் ஒரு சின்னக் குன்று, அதன்மேல் மடம், பின்னால் அரரட் மலை பனியோடு நிற்கும். மடத்துக்குள்ளே ஒரு ஆழமான குழி இருக்கிறது. பழைய காலத்தில் ஒரு துறவியைப் பல வருஷம் அதற்குள் அடைத்து வைத்திருந்தார்களாம். இரும்பு ஏணியில் இறங்கிப் பார்க்கலாம். எங்கள் உள்ளூர் கைட் அனி என்ற இளம்பெண் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்லவேண்டும். நான் பாதியில் விட்டுவிட்டுத் தலை எண்ணினேன். ஐந்து நிமிஷத்துக்கு முன்தான் எண்ணியிருந்தேன். அன்று முழுவதும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

தவமணி அன்ரி கோயிலுக்குள் மெழுகுதிரி ஏற்றி மணல் தட்டில் குத்தினார். "அண்ணைக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வெளியே வந்து பஸ் டயரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். டிரைவர் ஆராம் டயரில் ஏதும் பிழையோ என்று பயந்து, தானும் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

பின்னேரம் கோரிஸ் என்ற மலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வைஃபை கிடைத்ததும் அன்ரி வீட்டுக்குப் போன் எடுத்தார். கோபியின் மனைவி தூக்கினாள். அன்ரி திரும்பி வந்து, "அண்ணை நித்திரையாம். நல்லது, கொள்ளட்டும். டயலிசிஸ் முடிஞ்சால் அந்த மனுஷனுக்கு நித்திரைதான் மருந்து" என்றார்.

வெள்ளிக்கிழமைக் காலைச் சாப்பாடு

எங்கள் சனம் விடிய எழும்பினால் முதலில் பார்ப்பது கடவுள் படம் இல்லை, மரண அறிவித்தல். ரொறொன்ரோவில் யார் செத்தாலும் இணையத்தில் படத்தோடு வந்துவிடும். எந்த ஊரில் பிறந்தார், எங்கே வசித்தார், யாருடைய அன்புக் கணவர், யாருடைய பாசமிகு தந்தை என்று ஒரு உறவு விடாமல் போட்டிருப்பார்கள். தெரிந்த ஆள் என்றால் கவலை, தெரியாத ஆள் என்றால் "எந்த ஊராம்?" என்று ஒரு விசாரணை.

கோபி என் வாயைக் கட்டினார். அதே கையோடு அறிவித்தலையும் கொடுத்துவிட்டார். அதில் "தவமணியின் அருமைச் சகோதரரும்" என்று ஒரு வரி கிடந்தது.

வெள்ளி விடிய நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது ஒரு சத்தம் இல்லை. பதினேழு பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பதினெட்டாவது ஆள் தயிருக்குள் தேன் விட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்த எல்லோரிலும் மரண அறிவித்தல் பார்க்கிற பழக்கம் இல்லாதவர் அவர் ஒருவர்தான். "விடியக் காலமை செத்த வீடு பாத்து என்னத்துக்கு" என்பார்.

உடல் பார்வைக்கு சனிக்கிழமை பின்னேரம், கிரியை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தது. என் மூளை உடனே கணக்குப் போட்டது, தொழில் பழக்கம். வெள்ளி இரவு யெரெவானுக்குப் போய்விட்டால் சனி விடியற்புற பிளேன். ஐரோப்பாவில் ஒரு மாற்றம். சனி பின்னேரம் ரொறொன்ரோ. பார்வைக்கே போய்ச் சேரலாம்.

பெற்றோல் அடிக்க பஸ் நின்றதும் அன்ரி பாத்ரூமுக்கு இறங்கினார். நான் எழும்பி நின்று, "ஒருத்தரும் அவவுக்குச் சொல்லப்படாது. வீட்டுக்காரர் கேட்டவை" என்றேன். மைக் இல்லாமல், மெதுவாகத்தான் சொன்னேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் எங்கள் பழக்கம்தான். செத்த செய்தியை ஒளிப்பதில் எங்களுக்குள் ஒரு பிரிவினையும் கிடையாது.

பிறகு பஸ்ஸில் நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. முன் சீற்றுக்காக மூன்று நாள் சண்டை பிடித்த வனிதா அன்ரி, "தவம் நீர் முன்னுக்கு இரும், எனக்குத் தலை சுத்தாது" என்று எழும்பிக் கொடுத்தார். ஒருவர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார், ஒருவர் பயறுருண்டை கொடுத்தார். ஒவ்வொரு நாளும் பாட்டுக்குப் பாட்டு நடத்துகிற கூட்டம் வாயே திறக்கவில்லை.

தவமணி அன்ரி என் காதுக்குள் சொன்னார்: "நல்ல சனம் பிள்ளை. ஃபக்டரியிலை இருபத்தேழு வருஷம் வேலை செய்தனான், இப்பிடி ஒரு அன்பான சனத்தைக் காணேல்லை."

எட்டு மணித்தியாலம்

டாடெவ் மடத்துக்கு கேபிள் காரில் போகவேண்டும். பள்ளத்தாக்கு காலுக்குக் கீழே கிடுகிடு என்று கிடக்கும். அந்தரத்தில் பன்னிரண்டு நிமிஷம். எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார்கள். அன்ரி மட்டும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

மடத்து வாசலில் மயில்வாகனம் அங்கிள் என்னை மறித்தார். எழுபத்தைந்து வயது, பிள்ளையார் கோயில் பரிபாலன சபையில் நெடுகாலம் இருந்தவர். முகம் சிவந்துபோய் நின்றார்.

"செத்தவீட்டுத் துடக்குக்காரி, தீட்டோடை கோயிலுக்குள்ளை போறா. நீர் பாத்துக்கொண்டு நிக்கிறீர்."

"அங்கிள், இது கிறிஸ்தவக் கோயில்."

"கோயில் கோயில்தான் பிள்ளை. கூடப்பிறந்தவன் செத்துக் கிடக்கிறான், அவ அவனுக்குச் சுகம் வரவேணுமெண்டு விளக்கு ஏத்துறா. தெரியாமல் செய்யிற ஆளுக்குப் பாவம் இல்லை. தெரிஞ்சு விடுற ஆளுக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்களே சொல்லுங்கோவன்" என்று எறிந்து பேசினேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். அங்கே ஒருவரும் செருப்புக் கழற்றுவதில்லை. அவர் எல்லா மடத்திலும் கழற்றினார்.

அந்த நிமிஷமே நான் முடிவெடுத்துவிட்டேன், அன்ரியை அனுப்புவதென்று. முடிவெடுத்ததோடு நிற்காமல் எல்லா ஆயத்தமும் செய்தேன். போனில் பார்த்தேன், சனி விடியற்புற பிளேனில் சீற் இருந்தது. ஆராமின் மச்சான் ஒருவர் கோரிஸில் கார் ஓடுகிறவர், பின்னேரம் ஹொட்டேல் வாசலுக்கு வரச் சொன்னேன். யெரெவானில் எயார்போட் வரைக்கும் அனியின் அக்கா துணைக்கு வருவதாக ஒத்துக்கொண்டாள். வீல்செயார்கூடக் கேட்டு வைத்தேன். ஒன்று மட்டும்தான் பாக்கி, அனுமதி.

மத்தியானம் ஒரு மணி. ரொறொன்ரோவில் விடிய ஐந்து மணி. எட்டு மணித்தியாலம் வித்தியாசம். முதலாளி ராஜன் அண்ணைக்கு ஐந்து முறை எடுத்தேன், போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மடத்தின் மதிலோரம் போவதும் வருவதுமாக நடந்தேன். அனி அங்கே இருந்த ஏதோ ஒரு பழைய தூணைப் பற்றிச் சொன்னாள், நான் அதை மொழிபெயர்க்கவேயில்லை. ஆட்களும் கேட்கவில்லை.

கோரிஸ் ஹொட்டேலுக்குத் திரும்பிய பிறகு, நாலு மணிக்கு ராஜன் அண்ணை தூக்கினார். நித்திரைக் குரல். "சுகந்தி, கோபி எங்கடை பழைய கஸ்ரமர். அவையின்ரை குடும்ப விஷயத்துக்குள்ளை நாங்கள் ஏன் தலையைக் குடுப்பான்? நீர் கோபியைக் கேளும். அவர் ஓமெண்டால் அனுப்பும்."

கோபியைக் கேட்க இன்னும் இரண்டரை மணித்தியாலம் போனது. பெட்டி தெரிவு செய்வதற்கு ஃபியூனரல் ஹோமில் நின்றிருக்கிறார். ஆறரைக்குத்தான் கிடைத்தார். களைத்துப்போயிருந்தார், பாவம். "அக்கா, நான் நேற்றே சொன்னனான்தானே. இது வீட்டிலை எல்லாரும் இருந்து கதைச்சு எடுத்த முடிவு. தனிய பிளேனிலை வரேக்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தால் நீங்கள் பொறுப்பெடுப்பீங்களோ?"

பொறுப்பு என்ற சொல் என்னை உட்கார வைத்துவிட்டது. வழக்கு, பேப்பர், ஏஜென்சி லைசன்ஸ் என்று எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் ஓடியது. "இல்லைத் தம்பி, சரி" என்றேன். வாசலில் நின்ற காரைத் திருப்பி அனுப்பினேன்.

இதில் எனக்கு இன்றைக்கும் நம்பமுடியாத சங்கதி ஒன்று இருக்கிறது. நான் அனுமதி கேட்டு உலகத்தின் மற்றப் பக்கத்துக்கு அடித்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அன்ரி என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தார், பின்னேரம் ஹொட்டேல் முன்மண்டபத்தில் இருபது அடி தூரத்தில் இருந்து மூலிகைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

காலுறை

சனிக்கிழமை செலிம் கணவாய் ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பழங்காலத்து வியாபாரிகள் ஒட்டகத்தோடு தங்கிப்போன ஒரு கருங்கல் மண்டபம் இருக்கிறது. சரியான காற்று. இரவு முழுக்க நான் கண்மூடவில்லை. அனியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். ஆராம் ரேடியோ போட்டார், நிற்பாட்டச் சொன்னேன்.

மண்டப வாசலில் ஒரு கிழவி கம்பளிச் சாமான் விற்றாள். தவமணி அன்ரி ஒரு சோடி தடித்த காலுறையை எடுத்து, கையை உள்ளே விட்டு விரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதிலும் பெரிசு இருக்கோ எண்டு கேளும். அண்ணைக்கு டயலிசிஸ் நடக்கேக்கை கால் குளிருறது. இப்ப வீக்கமும் கிடக்கு, இது ஏறாது."

என்னால் அனியைக் கூப்பிட முடியவில்லை. பெரிய சைஸ் என்பதற்குக் கையால் காட்டவும் முடியவில்லை.

"அன்ரி, அண்ணை இல்லை" என்றேன்.

இப்படி ஒரு செய்தியை எப்படிச் சொல்லக்கூடாதோ அப்படிச் சொன்னேன். நடுத்தெருவில், காற்றுக்குள், நின்ற நிலையில். ஸ்டென்ற் வைத்த ஆள் என்று வாங்கி வைத்திருந்த அவருடைய நெஞ்சு மாத்திரையை என் ஜக்கெற் பொக்கெற்றுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சைப் பிடிப்பார், விழுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் விழவில்லை.

"எப்ப?"

"வியாழக்கிழமை விடிய. எங்கடை நேரம்."

"எடுக்கிறது எப்ப?"

"நாளைக்கு. அங்கத்தை நேரம் காலமை ஒன்பது மணி."

"இப்ப வெளிக்கிட்டால் போய்ச் சேரலாமோ?"

"ஏலாது அன்ரி. இனி இருக்கிற பிளேன் போய்ச் சேர நாளைக்குப் பின்னேரமாகும்."

"நேற்று வெளிக்கிட்டிருந்தால்?"

பொய் சொல்லியிருக்கலாம். எவ்வளவோ சொன்ன வாய்க்கு இன்னும் ஒன்று பாரமாக இருந்திருக்காது. "போயிருக்கலாம்" என்றேன். "கார்கூட வந்து நிண்டது. கோபி வேண்டாமெண்டவர்."

அன்ரி "ரிக்கெற்றிலை ஆற்றை பேர் கிடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"உங்கடை பேர்."

"பிறகேன் கோபியைக் கேட்டனீர்?"

அவர் காலுறைக்குக் காசைக் கொடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார். உள்ளே இருந்த முகங்களைப் பார்த்தார். ஒன்று விடாமல் எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கு அப்போது விளங்கியிருக்கவேண்டும். வனிதா அன்ரி வாய்விட்டு அழத் தொடங்கினார். தவமணி அன்ரி முன் சீற்றில் இருக்காமல் கடைசிச் சீற்றுக்குப் போய் யன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினார். எனக்கு வெட்கமாக இருந்தது. பயணம் முழுக்க முதல் தடவையாக நான் அசையாமல் இருந்தேன்.

செவான் ஏரிக்கரை ஹொட்டேலில் தலை முழுகினார். கோபியோடு பத்து நிமிஷம் கதவைப் பூட்டிக்கொண்டு பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குள்ளும் அவர் காலடி வைக்கவில்லை.

ஞாயிறு ஐந்து மணி

ஞாயிற்றுக்கிழமை கெகார்ட். மலையைக் குடைந்து செய்த மடம், எங்கள் பிரசுரத்தின் முதல் பக்கத்தில் போட்ட படமே அதுதான். பின்னேரம் நாலரைக்கு அங்கே நிற்பதாக ஏற்பாடு. ரொறொன்ரோவில் கிரியை தொடங்குவது எங்களுக்கு ஐந்து மணி. இப்போது செத்தவீடு எல்லாம் நேரலையில் காட்டுகிறார்கள். ஆனால் மடம் இருப்பது ஒரு இடுக்குப் பள்ளத்தில், அங்கே போனுக்கு சிக்னல் வராது என்றாள் அனி.

நான் மைக்கை எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்க, மயில்வாகனம் அங்கிள் பின்னாலிருந்து, "மடம் ஆயிரம் வருஷமாக் கிடக்குது பிள்ளை, இனியும் கிடக்கும். சிக்னல் இருக்கிற இடத்திலை நிப்பாட்டச் சொல்லும்" என்றார்.

ஆராம் மேட்டுத் தெருவில் நிற்பாட்டினார். தெருவோரத்தில் இனிப்பு ரொட்டியும் உலர்ந்த பழமும் விற்கிற நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அனி அவர்களுக்கு ஏதோ சொன்னாள். ஒருத்தி பாட்டுப்பெட்டியை நிற்பாட்டினாள். இன்னொருத்தி தான் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அன்ரிக்குப் போட்டாள். அன்ரி இருக்கவில்லை. கதிரையின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் போனைப் பிடித்தேன். பெட்டி, பூ, ஐயர், பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம். பெண்கள் நிற்கிற வரிசையில் கோபியின் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி இருந்ததாக எனக்குத் தோன்றியது. என் குற்ற மனசும் அப்படிக் காட்டியிருக்கலாம்.

ஒரு உறவுக்காரர் மைக்கில், முன்னமே எழுதி வைத்த தாளைப் பார்த்து நன்றி வாசித்தார். அதில், "அன்னாரின் சகோதரி தவமணி அவர்கள் சுகயீனம் காரணமாகக் கலந்துகொள்ள முடியவில்லை" என்று ஒரு வரி வந்தது.

அன்ரி போனைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்டுமில்லை. நான் சுகமாத்தான் நிக்கிறன்."

அது அங்கே யாருக்கும் கேட்காது. அவர் திரும்பவும் சொன்னார், இந்த முறை உரத்து. "அண்ணை, நான் சுகமாத்தான் நிக்கிறன்."

பிறகு அங்கே வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். அன்ரி என்னைப் பார்த்து, "அரிசி கிடக்கோ பிள்ளை?" என்றார். ரூர் போகிற எங்கள் பஸ்ஸில் அரிசி இல்லாமல் இருக்குமா? ரைஸ் குக்கரோடு கட்டிவைத்த பையை வனிதா அன்ரி ஓடிப்போய் எடுத்து வந்தார். தவமணி அன்ரி ஒரு பிடி அள்ளினார். நான் போனை மட்டமாகப் படுக்கவைத்துப் பிடித்தேன். அவர் மூன்று தரம் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணனுடைய முகத்தின்மேல் போட்டார். கண்ணாடியில் அரிசி விழுந்து சிதறியது. அங்கே ஆட்கள் போட, இங்கே இவர் போட்டார். மயில்வாகனம் அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேவாரம் பாடினார். ரொட்டி விற்ற பெண்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். படம் ஆடாமல் இருக்க நான் போனை மற்றக் கையாலும் பிடித்தேன்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் அன்ரி கதிரையில் இருந்தார். அப்போதுதான் அழுதார். நன்றாக, சத்தம் வைத்து, ஒரு மணித்தியாலம் அழுதார். நெஞ்சு நோகவில்லை. மாத்திரை தேவைப்படவில்லை. அழுது முடித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அவருக்கு எதைத் தாங்க ஏலாது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோமோ, அதை அவர் தெருவோரத்தில் தாங்கினார்.

இப்போது கேட்கிற கேள்வி

ரொறொன்ரோ எயார்போட்டில் கோபி பூப்போட்ட சால்வையோடு வந்து நின்றார். மாமியைக் கட்டிப்பிடித்து அழுதார். கெட்ட பிள்ளை இல்லை. அன்பில்தான் செய்தார், நானும் பயத்தில்தான் செய்தேன். அன்பும் பயமும் சேர்ந்து ஒரு மனுஷியின் இரண்டு நாளைக் களவெடுத்துவிட்டன. பிரியும்போது அன்ரி என் பக்கம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். "இனி ஆரையும் கூட்டிக்கொண்டு போக முதல், அவையைக் கேட்டுப்போட்டுக் கூட்டிக்கொண்டு போம்" என்றார்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கவேண்டும் என்று ராஜன் அண்ணையிடம் கேட்டேன். அவர் தலையில் கைவைத்தார். "உமக்கென்ன விசரோ? ரிக்கெற் எடுக்க வாற சனத்திட்டைச் செத்தவீட்டைப் பற்றிக் கேட்டால் ஆர் வருவினம்?" அவர் சொன்னதும் நியாயம்தான். ஆகவே படிவத்தில் இல்லை. பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது நானே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் எடுப்பேன். பிள்ளைகள் தூக்கினால் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்வேன். மருந்து, விரதம், முழங்கால் நோ எல்லாம் கேட்டபிறகு கடைசியாக இதைக் கேட்பேன்: "நாங்கள் அங்கை நிக்கேக்கை இஞ்சை வீட்டிலை ஏதும் துக்கம் நடந்தால், உங்களுக்கு உடன சொல்லட்டோ, முடிஞ்சு வந்தாப் பிறகு சொல்லட்டோ?"

முதல் தரம் கேட்டபோது போனை வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் வைக்கவில்லை. இவ்வளவு காலத்தில் ஒருவர்கூட, முடிந்து வந்த பிறகு சொல் என்று சொல்லவுமில்லை. எண்பத்தொரு வயது அம்மா ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "இல்லைப் பிள்ளை, கோபமில்லை" என்றார். "என்னை ஒருத்தரும் இதுவரைக்கும் உதைக் கேக்கேல்லை. அதுதான் யோசிச்சனான்."